வளை வாசல்

பிப்ரவரி 22
கனடாவின் சர்ச்சில் ஊருக்குத் தெற்கே, வாபுஸ்க் தேசியப் பூங்கா. மைனஸ் 38. கேமரா பேட்டரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்கரடிக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 23
ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24
ஏரிக்கரை மேட்டில் ஒரு ஓட்டை, சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். வழிகாட்டிப் பெரியவர் விரல் நீட்டாமல் கண்ணாலேயே காட்டினார். உள்ளே இருக்கிறாள் என்கிறார். மற்ற இடங்களில் பனிக்கரடிகள் பெரும்பாலும் பனிச்சரிவில்தான் வளை தோண்டும். இங்கே மட்கிய பாசி மண்ணில், ஸ்ப்ரூஸ் மர வேர்களுக்கு அடியில் தோண்டுகின்றன. வேர் கூரையைத் தாங்குகிறது, அப்புறம் பனி விழுந்து வாசலை மூடுகிறது. ஒரே வளைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கரடிகள் வருமாம்.

பிப்ரவரி 26
அம்மா இரண்டு ஸ்பூன் சூப் குடித்தாளாம். நேற்று மூன்று.

பிப்ரவரி 27
தூக்கமில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஹட்சன் விரிகுடாவில் பனி உருகி அவள் கரையேறியது ஜூலை நடுவில் என்று வைத்தால், இன்றோடு 227 நாள். கடலில் பனி இருந்தால்தான் சீல் பிடிக்க முடியும். நவம்பரில் கடல் உறைந்ததும் ஆண் கரடிகள் வேட்டைக்குப் போய்விட்டன. இவள் போகவில்லை. பனிக்காலத் தொடக்கத்தில் உள்ளேயே ஈன்றிருப்பாள். பிறக்கும்போது குட்டி ஒரு கிலோகூட இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. அதற்குக் கொடுக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அத்தனையும் அவள் உடம்பிலிருந்து போக வேண்டும். வசந்தத்தில் இணை சேர்ந்தாலும் கரு இலையுதிர்காலம் வரை ஒட்டாமல் காத்திருக்குமாம். உடம்பில் கொழுப்புப் போதாவிட்டால் ஒட்டவே ஒட்டாது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இரவு இரண்டு தட்டு இறைச்சிக் குழம்பு சாப்பிட்டேன். மூன்றாவது தட்டும் கேட்டிருப்பேன்.

மார்ச் 2
காற்று. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஒரு பேட்டரி செத்தது.

மார்ச் 4
மூக்கு! கறுப்பு மூக்கு மட்டும். மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மார்ச் 5
வெளியே வந்தாள். மல்லாந்து படுத்துப் பனியில் முதுகைத் தேய்த்தாள். தோல் தொளதொளவென்று தொங்குகிறது. பனியைக் கிளறிப் பாசி எடுத்து மென்றாள். பசிக்கா என்று கேட்டேன். “வாயில் ஏதாவது இருக்க வேண்டாமா?” என்றார் பெரியவர். பின்னாலேயே ஒரு குட்டி. பத்துக் கிலோ தேறும்.

மார்ச் 6
இரண்டு குட்டிகள்! இரண்டாவது சின்னது. தாய் உட்கார்ந்தபடியே பால் கொடுத்தாள், சின்னதுக்கு இடம் கிடைக்கச் சற்று நேரமானது. இந்தப் பகுதியில் 1987இல் 1,185 கரடிகள் என்று கணக்கிட்டார்கள், 2021இல் 618. அந்தச் சின்னதையே பார்த்துக்கொண்டிருந்ததில் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 8
அம்மா இன்று எதுவும் சாப்பிடவில்லை. ஏன் ஊட்டவில்லை என்று தம்பியிடம் கத்தினேன். “நீ அங்கேயே கரடி எண்ணிக்கொண்டிரு” என்று சாட்டிலைட் போனை வைத்துவிட்டான். நியாயம்தான்.

மார்ச் 9
சின்னது சரிவில் சறுக்கி விழுந்தது. திரும்ப ஏறிப் போய் மறுபடி சறுக்கியது. வேண்டுமென்றேதான்!

மார்ச் 10
போய்விட்டார்கள். தடம் கடல் பக்கம் போகிறது. மூன்று வரிசையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் பனி அமுங்கியிருந்தது, பால் கொடுக்க உட்கார்ந்த இடம் என்றார் பெரியவர். அதைத் தாண்டியும் மூன்று வரிசை. அதற்கு மேல் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

ரயில் சரிப்படாது, வின்னிபெக் நகரம் சேரவே இரண்டு நாள் ஆகும். விமானத்தில் இடம் கேட்டிருக்கிறேன்.