மாணவர்களின் கோப்புப் பகிர்வும் பதிப்புரிமையும்

செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால், தர்மபுரி மாவட்டக் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகள் கைமாறத் தொடங்கிவிடுகின்றன. அனைத்தையும் திருட்டு என்று கண்டிப்பவர்களும் உண்டு. படிப்பதற்குத்தானே என்று அனைத்தையும் ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. இருவருமே சட்டத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மாணவர்களுக்கு அளித்திருக்கும் இடம் நாம் நினைப்பதைவிட விரிவானது.

சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு நூலை நியாயமான அளவில் பயன்படுத்துவதையும், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதையும் அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கொள்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை ஒன்று, பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து தொகுத்துப் படியெடுத்து விற்றதை எதிர்த்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடர்ந்தன. எத்தனை பக்கம் என்பதைவிட, கற்பித்தலுக்கு அது தேவைதானா என்பதே அளவுகோல் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனால், விற்பனையில் இருக்கும் நூல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய டெலிகிராம் சேனலில் ஏற்றுவது இந்த விலக்குக்குள் அடங்காது. சொந்தப் படிப்புக்கான விலக்கு கணினி மென்பொருளுக்குப் பொருந்தாது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவோரைத் தண்டிக்க 63பி என்ற தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாகப் பெறும் டோரண்ட் என்ற தொழில்நுட்பத்தில் குற்றம் எதுவும் இல்லை. உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்களே அவ்வழியில் வழங்கப்படுகின்றன. எனினும், அதில் ஒரு திரைப்படத்தைப் பதிவிறக்குபவர் அந்த நேரத்திலேயே அதன் துண்டுகளைப் பிறருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்பதையும், அதனால் அவரும் விநியோகம் செய்பவராகிவிடுகிறார் என்பதையும் மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இதை முதலாண்டிலேயே வகுப்பறையில் சொல்லித்தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அனுமதியோடு கிடைப்பவையும் குறைவல்ல. ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களும், ஆவணங்கள் தயாரிக்க உதவும் லிப்ரெஆபிஸ் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

உரிமைக் காலம் முடிந்த நூல்களையோ தயக்கமின்றி முழுமையாகப் பகிரலாம். எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது இந்தியாவில் பொதுவிதி. ஓசூர் அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்ததால், இந்த விதியின்படி அவருடைய எழுத்துகளுக்கான காலம் 2032 இறுதி வரை நீள்கிறது. நம் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் எழுத்துகளுக்கோ அது எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய பழைய பதிப்பு ஒன்று கிடைத்தால், பிற்காலத்தவர் சேர்த்த முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் விலக்கிவிட்டு, மூலத்தை ஸ்கேன் செய்து, தட்டச்சிட்டு, தமிழ் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தில் ஏற்ற எந்த மாணவருக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.