கொலஸ்ட்ரால் சோதனைக்கு இரண்டு நடை, பொட்டலம் படிக்க ஒரு வகுத்தல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொலஸ்ட்ரால் பார்க்கப் போகிறவர்கள், வெறும் வயிற்றோடு வரணுமா என்று முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கும் இடத்தில் என்னிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. முந்தின இரவு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது), காலையில் சர்க்கரை போட்ட பால் டீ. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 4.6 என்று வந்தது. அது 4.5-ஐத் தாண்டினால் எல்டிஎல் என்ற 'கெட்ட' கொலஸ்ட்ராலைக் கணக்குப் போடும் வழக்கமான சூத்திரம் செல்லாது. அந்தக் கட்டம் காலி. ஒரு நடை தண்டம். மறுமுறை 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்: ட்ரைகிளிசரைடு 2.8, எல்டிஎல் 3.4, மொத்தம் 5.8.

இந்த 5.8-ஐத் தமிழ்நாட்டு உறவுக்காரர்களிடம் சொன்னால் "அவ்வளவுதானா?" என்பார்கள். அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு, இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். 38.7-ஆல் பெருக்கினால் 224. அவர்கள் சொல்லும் 200 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. ட்ரைகிளிசரைடுக்கு அதே எண்ணைப் போடாதீர்கள், அதற்கு 88.6.

பெரிய வில்லங்கம் சாப்பாட்டில்தான். என் கையில் கொடுத்த உணவுத் தாளில் ஒரு நாளைக்கு 1,500 கலோரி. கடைப் பொட்டலத்தில் இருப்பதோ கிலோஜூல். 4.2-ஆல் வகுக்கணும். வகுக்காமல் 1,500 கிலோஜூலோடு நிறுத்தினால் வயிற்றுக்குப் போவது 360 கலோரிதான், பட்டினி.

குவார்ட்டர் பன்னியை, அதாவது கால் ரொட்டியில் செய்த பன்னி சௌவை எடுத்துக்கொள்வோம். (பெயரைக் கேட்டுப் பன்றியைத் தேடாதீர்கள், இந்திய வணிகர்களைக் குறிக்கும் 'பனியா' என்பதன் திரிபு என்பார்கள்.) 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 கிலோஜூல் என்றால் வெறும் ரொட்டியே 1,750, அதாவது 400 கலோரிக்கு மேல். குழம்பு இன்னும் ஊற்றவே இல்லை! சுகர் பீன்ஸ் பன்னிக்கு மாறினால் கறியின் கொலஸ்ட்ரால் போகும், பீன்ஸ் நார் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும். ரொட்டிக் கணக்கு மட்டும் அசையாது.

சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பேருக்குத்தான் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, அது மாறாது. தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆனால் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். இறால் நேர்மாறு: கொலஸ்ட்ரால் அதிகம், நிறைகொழுப்பு சொற்பம். பொட்டலத்தில் 'சாச்சுரேட்டட்' வரியை முதலில் பாருங்கள், அதுவும் நூறு கிராமுக்கான பத்தியில். 'ஒரு பரிமாறல்' என்பதைத் தயாரிப்பாளர்கள் அவரவர் வசதிக்குச் சின்னதாக வைத்துக்கொள்கிறார்கள்.

மட்டன் குழம்பை விட முடியாதவர்கள் முந்தின நாளே வைத்து ஃபிரிட்ஜில் போடுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்து நிற்பது ஆட்டுக்கொழுப்பு. கரண்டியால் வழித்துவிட்டுச் சுடவையுங்கள். ருசி குறையவில்லை.