இரவு 11.35

2004ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நண்பர்கள் மூவரோடு நான் குடியிருந்தபோது, எங்கள் வீட்டில் இரவு 11.35 மணிக்கு இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். உள்ளூர் நிலையத்தின் செய்தியும் மறுநாள் வானிலை அறிக்கையும் முடிந்து, சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘லேட் ஷோ’ என்ற பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்திய டேவிட் லெட்டர்மேன் மேடைக்கு வருவார். ஊரில் அப்போது காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும் என்பதால், எங்களில் ஒருவர் காலிங் கார்டின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி வீட்டுக்குப் பேசத் தொடங்குவார். பேசுகிறவருக்காகத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, லெட்டர்மேனின் முகத்தையும் இசைக்குழுவின் அசைவையும் மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்போம். புஷ்ஷும் கெர்ரியும் மோதிய தேர்தல் ஆண்டு அது. அமெரிக்க அரசியலைப் பற்றி எனக்கு முதன்முதலில் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தக் கூடத்தில் பாதி ஒலியில் கேட்டதுதான்.

சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, நேரம்தான் மாறிவிட்டது. லெட்டர்மேன் 2015 மே மாதம் ஓய்வு பெற்றபின் அதே ‘லேட் ஷோ’வை ஏற்ற ஸ்டீஃபன் கோல்பேரின் தொடக்கப் பேச்சை, பல ஆண்டுகளாகக் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்துக்கு நடுவே கைப்பேசியில் பார்த்து வந்திருக்கிறேன். விருந்தினர்களோடு அவர் நடத்திய உரையாடல் வரை நான் காத்திருந்தது குறைவு. இந்தப் பின்னிரவு நிகழ்ச்சிகளுக்கு நேர்ந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, என்னைப் போன்ற பார்வையாளரையும் அந்தக் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும் என்று தோன்றியது.

2025 ஜூலை 17 அன்று, ‘லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு முடித்துக்கொள்ளப்போவதாக சிபிஎஸ் நிறுவனம் முடிவெடுத்திருப்பதைக் கோல்பேர் தம் பார்வையாளர்களிடம் தெரிவித்தார். வேறொருவர் அவர் இடத்துக்கு வரப்போவதில்லை, நிகழ்ச்சியே இருக்காது என்பதைச் சொன்னதும் அரங்கிலிருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது முழுக்க நிதி சார்ந்த முடிவு என்றது நிறுவனம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் நட்டம் என்று செய்திகள் வந்தன. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்புதான், சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், சிபிஎஸ்ஸின் ‘60 மினிட்ஸ்’ செய்தி நிகழ்ச்சி தொடர்பாக டொனால்ட் டிரம்ப் தொடுத்த வழக்கை 1.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டதைக் கோல்பேர் மேடையிலேயே லஞ்சம் என்று சொல்லியிருந்தார். அப்போது பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு 800 கோடி டாலர் மதிப்பில் இணைவதற்கு மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் ஒப்புதலை எதிர்பார்த்துக் காத்திருந்தது. ஜூலை 24 அன்று அந்த ஒப்புதல் கிடைத்தது.

இந்தச் செய்தி வந்ததும் நண்பர்கள் வட்டத்தில் எழுந்த பேச்சில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வந்தது. ‘இவர்கள் சிரிக்க வைப்பதை விட்டுவிட்டு அரசியல் பேசினார்கள், பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், கடை மூடப்படுகிறது’ என்பது அதன் சாரம். அமெரிக்காவிலும் இதே வாதம் பரவலாக வைக்கப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இந்த வாதம், கணக்கோடு ஒத்துப்போவதில்லை.

அந்த வாதத்துக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுகிறவர் ஜானி கார்சன். 1962 அக்டோபர் முதல் 1992 மே 22 வரை முப்பது ஆண்டுகள், சிபிஎஸ்ஸின் போட்டி நிறுவனமான என்பிசியின் ‘டுநைட் ஷோ’வை நடத்திய அவர், எல்லாக் கட்சிக்காரர்களையும் கிண்டல் செய்தாரே தவிர தமது சார்பு எது என்பதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய கடைசி நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர். 1973 டிசம்பரில் கழிவறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று அவர் போகிறபோக்கில் செய்த நகைச்சுவையை நம்பி, மறுநாள் மக்கள் கடைகளில் குவிந்து அடுக்குகளைக் காலி செய்து, இல்லாத தட்டுப்பாட்டை உண்டாக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் அந்தக் குரல் எவ்வளவு தூரம் எட்டியது என்பது விளங்கும். ஆனால் அந்த எட்டலுக்குக் காரணம் அவருடைய நடுநிலை மட்டும்தானா? அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் பார்ப்பதற்கு இருந்தவை மூன்று பெரிய நிறுவனங்களின் அலைவரிசைகளே. தூக்கம் வராத ஒரு நாடே ஒரே திசையில் திரும்பி உட்கார்ந்திருந்தது.

அரசியலைத் தவிர்த்தால் கூட்டம் தங்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று நேர்மாறாகவே இருக்கிறது. 2016 செப்டம்பரில், ‘டுநைட் ஷோ’வை நடத்திவந்த ஜிம்மி ஃபேலன், அதிபர் வேட்பாளராக இருந்த டிரம்ப்பை விருந்தினராக அழைத்து, அவருடைய தலைமுடியைக் கலைத்து விளையாடினார். அரசியல் கசப்பு எதுவும் ஒட்டாத நட்பான இரவு நிகழ்ச்சி அவருடையது. அதுவரை முதலிடத்திலும் இருந்தது. அடுத்த ஆண்டே, நாள்தோறும் அரசியலை எடுத்துப் பேசிய கோல்பேர் அவரை முந்தினார். நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்ட 2025லும், 11.35 மணிக்கு வரும் நிகழ்ச்சிகளில் அதிகம் பேர், சுமார் 24 லட்சம் பேர், பார்த்தது கோல்பேரையே. மறுபக்கத்தில், ஃபாக்ஸ் நியூஸில் கிரெக் கட்ஃபெல்ட் நடத்தும் நிகழ்ச்சியும் முழுக்க முழுக்க அரசியல்தான், வலதுசாரி அரசியல். கேபிளில், கிழக்கு நேரப்படி இரவு 10 மணிக்கே வருவதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், 2025இல் அவருக்குச் சுமார் 30 லட்சம் பார்வையாளர்கள் இருந்தார்கள். அரசியல் பார்வையாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தது என்பது உண்மை. அவர்களை வீட்டை விட்டே துரத்தியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

துரத்தியது கடிகாரம். 11.35 என்பதே உள்ளூர்ச் செய்தியை ஒட்டி உருவான நேரம். இரவு பத்து மணி நாடகத்தைப் பார்த்தவர்கள் அப்படியே பதினொரு மணிச் செய்திக்குத் தங்கி, அதிலிருந்து நகைச்சுவைக்குத் தங்கினார்கள். ஒரு நிகழ்ச்சியின் கூட்டத்தை அடுத்த நிகழ்ச்சி வாரிக்கொள்ளும் ஏற்பாடு அது. நாடகத்தை நெட்ஃபிளிக்ஸில் பார்க்கவும் செய்தியைக் கைப்பேசியில் படிக்கவும் தொடங்கிய பிறகு, அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. 2025 மே மாதத்தில், அமெரிக்காவில் தொலைக்காட்சித் திரையின் முன் செலவான நேரத்தில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற இணையவழி ஓடைகளின் பங்கு, வழக்கமான ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்த பங்கை முதன்முறையாகத் தாண்டியது என்று பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது.

கூட்டம் போன வழியிலேயே பணமும் போயிற்று. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களின் பின்னிரவு நிகழ்ச்சிகளுக்கு 2018இல் 43.9 கோடி டாலராக இருந்த விளம்பர வருவாய், 2024இல் 22 கோடியாகச் சரிந்தது. ஆறே ஆண்டில் பாதி. யூடியூபில் நான் பார்த்த பன்னிரண்டு நிமிடத் தொடக்கப் பேச்சுக்கும் வருவாய் உண்டு. ஆனால் ஏறத்தாழ இருநூறு பேர் வேலை செய்த, நேரடி இசைக்குழு வைத்திருந்த, நியூயார்க் பிராட்வேயில் எட் சலிவன் அரங்கை நடத்திய ‘லேட் ஷோ’ போன்ற ஒரு நிகழ்ச்சியைத் தாங்க அது போதாது. நாடகத் தொடரைப் போலப் பத்தாண்டு கழித்து மறுபடி விற்கவும் முடியாது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை இரவின் நகைச்சுவை வியாழனிலேயே பழையதாகிவிடும். ஆகவே வெட்டு விழத் தொடங்கியது. ‘லேட் ஷோ’வை அடுத்து வந்த நிகழ்ச்சியை நடத்திய ஜேம்ஸ் கோர்டன் 2023இல் விலகியபோது, அதை சிபிஎஸ் தொடரவில்லை. 2024இல், என்பிசியில் சேத் மேயர்ஸ் நடத்திவந்த பின்னிரவு நிகழ்ச்சியிலிருந்து இசைக்குழு நீக்கப்பட்டது. ‘டுநைட் ஷோ’ வாரத்துக்கு நான்கு புதிய நிகழ்ச்சிகளாகச் சுருங்கியது.

இதுவரை சொன்னதை வைத்து, கோல்பேரின் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது வெறும் வணிகம்தான் என்று முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. நான் அங்கே நிற்க மாட்டேன். சரிந்த வருவாயும் அதிகாரத்தின் அழுத்தமும் இரண்டு தனித்தனிக் கதைகள் அல்ல. 1980இல் கார்சன் தம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, 90 நிமிட நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளவும் அதன் உரிமையைத் தாமே வைத்துக்கொள்ளவும் என்பிசியை அவரால் இணங்க வைக்க முடிந்தது. அவரை இழந்தால் நிறுவனத்தின் கணக்குப் புத்தகமே ஆட்டம் காணும். இன்றைய தொகுப்பாளருக்கு அந்தக் காப்பு இல்லை. அவரை வைத்திருப்பதால் வரும் லாபம் சிறிது. அரசிடம் ஒரு பெரிய அனுமதி நிலுவையில் இருக்கும்போது அவர் பேச்சால் வரக்கூடிய இடைஞ்சல் பெரிது. கோல்பேர் விஷயத்தில் அந்தக் கணக்குத்தான் போடப்பட்டது என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை, அதனால் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கணக்குப் போடக்கூடிய நிலை வந்துவிட்டது என்பதை, அடுத்து வந்த செப்டம்பர் மாதம் வெளிப்படையாகவே காட்டிவிட்டது.

அதைச் சொல்வதற்குமுன் சற்றுப் பின்னால் போக வேண்டும். 2001 செப்டம்பர் 17 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், மூன்றாவது பெரிய நிறுவனமான ஏபிசியின் பின்னிரவு நிகழ்ச்சி ஒன்றில் அதன் தொகுப்பாளர் பில் மாஹர், விமானத்தோடு மோதி இறந்த தாக்குதல்காரர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது என்றும், அமெரிக்கா தொலைவிலிருந்து ஏவுகணை வீசுவதுதான் கோழைத்தனம் என்றும் பேசினார். ஃபெட்எக்ஸும் சியர்ஸும் விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. சில உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 2002இல் நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது. அப்படிக் காலியான இடத்துக்கு 2003 ஜனவரியில் வந்தவர்தான் ஜிம்மி கிம்மல்.

2025 செப்டம்பர் 10 அன்று வலதுசாரிச் செயற்பாட்டாளர் சார்லி கர்க் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி கிம்மல் தம் தொடக்கப் பேச்சில், கொலையாளி தங்களைச் சேர்ந்தவரல்ல என்று காட்ட டிரம்ப் ஆதரவாளர்கள் தவிப்பதாகக் குறிப்பிட்டார். அது அவசரப்பட்ட பேச்சு, தவறான பொருளைத் தந்த பேச்சு என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 17ஆம் தேதி, எஃப்சிசியின் தலைவர் பிரெண்டன் கார் ஒரு பாட்காஸ்டில் பேசும்போது, இதை எளிதான வழியிலும் முடிக்கலாம், கடினமான வழியிலும் முடிக்கலாம் என்றார். அமெரிக்காவில் ஒளிபரப்பு உரிமம் ஏபிசி போன்ற பெரிய நிறுவனத்தின் தலைக்கு மேல் இருப்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் உள்ள நிலையத்துக்குத் தனித்தனியாகத் தரப்படுவது. ஆகவே அந்தச் சொல் நேராகப் போய்ச் சேர்ந்தது நிலையங்களின் உரிமையாளர்களிடம். சில மணி நேரத்தில் நெக்ஸ்டார் நிறுவனம் தன் ஏபிசி நிலையங்களில் கிம்மலை நிறுத்துவதாக அறிவித்தது. பல நிலையங்களை வைத்திருந்த டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க அதே ஆணையத்தின் அனுமதி நெக்ஸ்டாருக்கு அப்போது வேண்டியிருந்தது. பல நிலையங்களுக்கு உரிமையாளரான சின்கிளேர் நிறுவனமும் நிறுத்தியது. அன்று இரவே ஏபிசி நிகழ்ச்சியைக் காலவரையறையின்றி நிறுத்தி வைத்தது. மாஹர் பேசிய நாளிலிருந்து சரியாக 24 ஆண்டுகள்.

மாஹர் காலத்தில் முன்னால் நின்றவர்கள் விளம்பரதாரர்கள். வெள்ளை மாளிகையின் பேச்சாளர் அதிருப்தி தெரிவித்தார் என்றாலும், உரிமம் தரும் ஆணையத்தின் தலைவர் வெளிப்படையாக எச்சரிக்கும் நிலை வரவில்லை. இந்த வேறுபாட்டைக் டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டெட் குரூஸே உணர்ந்து காரைக் கண்டித்தார் என்பதை, இது ஒரு கட்சியின் புகார் மட்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பின் 23ஆம் தேதி கிம்மல் திரும்பினார். வழக்கமாக 20 லட்சத்துக்கும் குறைவானவர்கள் பார்க்கும் அந்த நிகழ்ச்சியை அன்று 62 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். தலைநகர் வாஷிங்டன் உள்ளிட்ட பல நகரங்களில், நெக்ஸ்டாருக்கும் சின்கிளேருக்கும் சொந்தமான எழுபது அளவிலான நிலையங்கள் அவரை ஒளிபரப்பாமலே இந்த எண்ணிக்கை வந்தது. அந்தத் தொடக்கப் பேச்சில் அவர் கண் கலங்கி, ஓர் இளைஞரின் கொலையை எளிதாக எடுத்துக்கொள்வது தம் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்றார். 2017இல், பிறந்த உடனே இதய அறுவை சிகிச்சைக்கு ஆளான தம் குழந்தையைப் பற்றிச் சொல்லி, பணமில்லாத பெற்றோரின் குழந்தைக்கும் அதே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று வாதிட்டவரும் இவர்தான். அந்த இரண்டு இரவுகளிலும் அரசியல் இருந்தது; இரண்டிலும் ஒரு மனிதர் நேராக நின்று பேசினார்.

நாள்தோறும் டிரம்ப் என்ற ஒரே மனிதரைப் பற்றிய ஒரே மாதிரியான கிண்டல் எனக்கும் சலித்ததுண்டு. கோல்பேர் மிகச் சிறப்பாகச் செய்தது வேறு. 2015 செப்டம்பரில், மகனைப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்த ஜோ பைடனோடு அவர் பேசிய உரையாடலை நான் முழுதாகப் பார்த்தேன். கோல்பேர் பத்து வயதில் தந்தையையும் இரண்டு அண்ணன்மாரையும் ஒரே விமான விபத்தில் இழந்தவர். அவர் கேட்டதிலும் பைடன் பதில் சொல்லத் தயங்கியதிலும், பன்னிரண்டு நிமிடத் துண்டில் அடங்காத ஒரு பொறுமை இருந்தது.

எடிசன் வீட்டு நண்பர்களில் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கிம்மல் திரும்பிய அந்த இரவில், நிகழ்ச்சியை ஒளிபரப்பாத நிலையங்களுள் ஒன்றின் எல்லைக்குள் அவர் வீடு இருந்தது. 11.35க்குத் தொலைக்காட்சியைப் போட்டவருக்குக் கிடைத்தது செய்தி. இங்கே காலை ஒன்பதைத் தாண்டிய நேரம். அவரிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. “உனக்கு வருதாடா?” என்று கேட்டார். சற்று நேரத்தில் யூடியூபில் வந்தது. இணைப்பைத் துண்டிக்காமலே இருவரும் அவரவர் கைப்பேசியில் அதைப் பார்த்தோம்.