511-ஆம் எண் தந்தி

தூதரகத்திலிருந்து தலைநகருக்குப் போகும் அறிக்கைகளில் பெரும்பகுதி கோப்பில் தூங்கிவிடும். அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னனின் அறிக்கைகளுக்கும் அதே கதிதான். சோவியத் ஆட்சியை நம்பி ஏமாற வேண்டாம் என்று மாஸ்கோவிலிருந்து ஒன்றரை வருடம் எழுதினார், வாஷிங்டன் அசையவில்லை.

1946 பிப்ரவரியில் வாஷிங்டனே கேள்வி கேட்டது. சர்வதேச நிதியத்திலும் உலக வங்கியிலும் சேர ரஷ்யர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று அமெரிக்க நிதித் துறைக்குப் புரியவில்லை. தூதர் ஹாரிமன் ஊரில் இல்லை. பொறுப்பு கென்னனிடம் இருந்தது. சளி, காய்ச்சல், பல்வலியோடு படுக்கையில் கிடந்தவர், படுத்தபடியே செயலாளரிடம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். பிப்ரவரி 22 இரவு போன அந்தத் தந்தி 5,000 சொற்களைத் தாண்டியது.

அவ்வளவு நீளமான தந்தியை அனுப்புவதே முறைமீறல். அதனால் ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் தனித் தந்தி போலத் தோன்றும். சோவியத்தின் உலகப் பார்வை, அதன் வேர், அரசு வெளிப்படையாகச் செய்வது, மறைமுகமாகச் செய்வது, கடைசியில் அமெரிக்கா என்ன செய்ய வேண்டும். இந்த வரிசையில்தான் அதன் பலம் இருக்கிறது. கேட்டது வங்கி பற்றி. பதில் ஒரு ஆட்சியின் மனப்போக்கு பற்றி. வாதத்துக்கு மசியாத அந்த ஆட்சி, உறுதியான எதிர்ப்பைக் கண்டால் பின்வாங்கும் என்றார். கடற்படைச் செயலர் ஃபாரஸ்டல் அதைப் பிரதியெடுத்துப் பலருக்கும் கொடுத்தார்.

ஒரே நாளில் வந்த ஞானம் அல்ல அது. 1926-இல் பணியில் சேர்ந்தவர், பெர்லினில் முறையாக ரஷ்ய மொழி படித்தார். அமெரிக்காவுக்கு மாஸ்கோவில் தூதரகமே இல்லாத காலத்தில், லாட்வியாவின் ரீகாவில் உட்கார்ந்து சோவியத் பத்திரிகைகளை வரிவரியாக வாசித்தார். 1933-இல் உறவு ஏற்பட்டபோது முதல் தூதரோடு மாஸ்கோ போனார். மொழிக்கும் வாசிப்புக்கும் கொடுத்த அந்த வருடங்கள் இல்லையென்றால் அந்தத் தந்தி இல்லை.

1947-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் அவரைத் தன் துறையின் கொள்கைத் திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார். அற்ப விஷயங்களைத் தவிர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா உதவுவது பற்றி மே 23-இல் குழுவின் அறிக்கை தயார். ஜூன் 5-இல் ஹார்வர்டில் மார்ஷல் உரை. திட்டத்தை ஐரோப்பியரே வகுக்கட்டும், ரஷ்யர்களுக்கும் கதவு திறந்திருக்கட்டும் என்பது குழுவின் யோசனை. ஐரோப்பாவைப் பிரித்த பழி அமெரிக்கா மேல் விழாமல் காத்தது அதுதான். ஜூலைத் தொடக்கத்தில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பாரிஸ் பேச்சுவார்த்தையிலிருந்து தானே வெளியேறினார்.

பிழை அதே ஜூலையில் நேர்ந்தது. ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் ‘கன்டெயின்மென்ட்’, அதாவது சோவியத்தைப் பரவவிடாமல் தடுத்து வைத்தல், என்று சொன்னவர், எதைக் கொண்டு, எந்தெந்த இடத்தில் என்று வரையறுக்கவில்லை. அவர் நினைத்தது முக்கியமாக அரசியல், பொருளாதார வழிகளை. அதுவும் தொழில்வளம் மிக்க சில பகுதிகளில் மட்டும். வாசித்தவர்கள் உலகெங்கும் ராணுவம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1950-இல் அவருக்குப் பின் வந்த நிட்ஸியின் குழு வகுத்த ஆவணம், பெரும் படைப்பெருக்கத்தையே கேட்டது. கொள்கைக்குப் பெயர் வைப்பவர் எல்லையையும் அதே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

1952-இல் அவரே மாஸ்கோவுக்குத் தூதர். செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்டபோது, மாஸ்கோ வாழ்க்கையை நாஜி ஜெர்மனியில் தான் காவலில் இருந்த மாதங்களோடு ஒப்பிட்டுவிட்டார். அக்டோபர் 3-இல் அவரை ஏற்க முடியாது என்று சோவியத் அரசு அறிவித்தது. தன் பதவி இடத்துக்கு அவரால் திரும்பவே முடியவில்லை.