கொஞ்சம் தலை ஆடும், அவ்வளவுதான்

பாம்புகளை இனவிருத்தி செய்து விற்கிற ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். இன்குபேட்டரில் ஒரு க்ளட்ச், அதாவது ஒரு தாய் ஒரே தடவையில் போட்ட முட்டைகள், பொரிந்துகொண்டிருந்தது, மொத்தம் 6 முட்டை. பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பின் குட்டி முட்டையைக் கிழித்ததும் வெளியே குதித்து வந்துவிடாது. மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல், அப்படியே கிடக்கும். உள்ளே மிச்சமிருக்கிற மஞ்சள் கருவை உறிஞ்சி முடித்துவிட்டு ஆற அமரத்தான் வரும். ஐந்து மூக்குகள் அசையாமல் இருந்தன. ஆறாவதில் வெளியே வந்த தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போய்த் தாடை கூரையைப் பார்க்கிற அளவுக்குத் திரும்பியது, அப்புறம் வெடுக்கென்று நேரானது. மறுபடி சாய்ந்தது. பயந்துபோய் சீனியரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பைடர் தம்பி அது. கொஞ்சம் தலை ஆடும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த "அவ்வளவுதான்" எனக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த 4 வருஷம் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமும் வாங்க வந்தவர்களிடமும் நானே அதைச் சொன்னேன், அதே தொனியில்.

தெரியாதவர்களுக்காக: பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. இங்கே பால் என்றால் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பெரும்பாலும் 5 அடிக்கு மேல் போகாது, லேசில் கடிக்காது, ஒழுங்காக வைத்துக்கொண்டால் 20, 30 வருஷம் இருக்கும். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயது தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020-இல் முட்டை போட்டுச் செய்தியில் வந்தது. சாதுவான பாம்பு, நெடுங்காலம் இருக்கும், அதோடு மரபணு மாறினால் நிறமும் கோலமும் விதவிதமாக மாறும். அப்படி மாறிப் பிறப்பதைத்தான் மார்ஃப் என்போம். ஸ்பைடர் மார்ஃபின் கதை 1999-இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பாம்பில் தொடங்குகிறது. பொன்னிற உடம்பில் பேனாவால் இழுத்தது மாதிரி மெல்லிய கறுப்பு வரிகள். அழகான பாம்புதான், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அழகோடு வருவதுதான் வாபிள். தலை ஆடும், சாயும், திருகிக்கொள்ளும். சிலது மல்லாக்கப் போட்டால் புரண்டு எழவே திணறும். 2022-இல் சில ஸ்பைடர் பாம்புகளின் தலையை மைக்ரோ சிடி ஸ்கேனில் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. உள்காதில், உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற அறைகளும் குழாய்களும் இருக்கின்றன அல்லவா, அவை இந்தப் பாம்புகளில் கோணலாக அமைந்திருந்தன. அதைப் படித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் அதுவரை இதை ஒரு பழக்கம் மாதிரியே பேசி வந்தோம், சிலர் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவார்களே, அது போல. ஆனால் அந்தப் பாம்புக்கு எது மேல், எது கீழ் என்பதே நிச்சயமில்லை. கிறுகிறுப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது புரியும். பாம்புக்குப் பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை, கையும் இல்லை.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கரு உருவாகும்போது நிறம் தரும் செல்கள் முதுகுப்பக்கம் ஓரிடத்தில் பிறந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன, உள்காதுக்கும் போகின்றன. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பது இந்த உறவால்தான். ஸ்பைடரிலும் ஏதோ இந்த மாதிரிதான் நடக்கிறது என்பது என் அனுமானம். அது சரியாக இருந்தால், கோலத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் கழித்துவிடலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு.

இரை கொடுக்கும் நாளில் கூட இருந்து பார்த்தால் இதற்கு விளக்கமே தேவைப்படாது. உறையவைத்து வெதுவெதுப்பாக்கிய எலியை இடுக்கியில் பிடித்து, பாம்பு இருக்கிற டப்புக்குள் நீட்டுவோம். மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகளால் சூட்டை உணர்கிற பிராணி இது; சாதாரணப் பாம்பு ஒரே பாய்ச்சலில் பிடித்துச் சுற்றிவிடும். எங்களிடம் 14-ஆம் நம்பர் என்று ஒரு ஸ்பைடர் ஆண் இருந்தது. அது குறிவைக்கும்போது கழுத்து எஸ் வடிவில் மடியும், பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பாயும் நொடியில் தலை கால்வட்டம் திரும்பிவிடும். டப்பின் சுவரில் போய் மூக்கு மோதும். சத்தம் கேட்கும், டொக்கென்று. மறுபடி மடியும், மறுபடி டொக். மூன்றாவது தடவைக்கு மேல் நானே எலியைக் கொண்டுபோய் வாயோரம் வைத்துவிடுவேன். பிடித்ததும் விழுங்கிவிடும், பசிக்கு அதனிடம் குறைவே இல்லை. அதன் பதிவு அட்டையில் நான் எழுதுவது: "சாப்பிட்டது. வாபிள் குறைவு."

அந்த "வாபிள் குறைவு" அட்டையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. குறைவு என்றால் எதைவிடக் குறைவு? தலை முழுச்சுற்றுத் திருகி இரையைப் பிடிக்கவே முடியாமல், சில வாரங்களில் நாங்களே முடிவு கட்டிவிடுகிற குட்டிகளைவிடக் குறைவு. அவற்றுக்கு அட்டையே எழுதுவதில்லை. மோசமானதை முன்னால் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் நல்லதாகத் தெரியும், அதுதான் எங்கள் அளவுகோல். வாபிள் குறைந்த பாம்புக்கு வாபிள் குறைந்த குட்டிதான் பிறக்கும் என்று வேறு அடித்துச் சொல்வோம். என் கைப்படப் பராமரித்த பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. 14-ஆம் நம்பருக்கு ஒரே க்ளட்சில் பிறந்த 3 ஸ்பைடர் குட்டிகளில் ஒன்று கிட்டத்தட்ட ஆடவே இல்லை, ஒன்று தகப்பனைப் போல, ஒன்று நிற்காமல் ஆடியது. ஆடாத அந்த ஒன்று வளர்ந்து, இடம் மாறி, ஒரு வருஷம் கழித்துப் பார்க்கும்போது நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. பதற்றமானால் ஆட்டம் கூடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். புது வீட்டுக்குப் போகும் பாம்பு பதறாமல் என்ன செய்யும்?

படம் எடுப்பதும் என் வேலைதான். பாம்பு விற்பது படத்தை வைத்து. இந்தக் குறைபாட்டுக்கு ஒரு வசதி, படத்தில் அது தெரியாது. அசைவில் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளைத் துணி விரித்து, பாம்பைச் சுருட்டி வைத்து, தலை நேராகிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பேன். மற்ற பாம்புகளுக்கு நாலைந்து க்ளிக் போதும். ஸ்பைடருக்கு 100, 120 எடுத்து, அதில் ஒன்றைப் பொறுக்குவேன். மிச்சத்தை அழித்துவிடுவேன். கள்ளத்தனம் என்று அப்போது தோன்றவே இல்லை, கல்யாணப் படத்தில் கண்மூடியதை நீக்குகிற மாதிரி ஒரு வேலையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் உரிமையாளரிடம் பேச்சை எடுத்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை, பாம்புகளின் வெப்பநிலையைப் பார்க்க ராத்திரி 2 மணிக்கு எழுந்து வருகிறவர். "சாப்பிடுது, முட்டை வைக்குது, வளருது. கஷ்டப்படுற பிராணி இதெல்லாம் செய்யுமா?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை, அப்புறம் பல நாள் யோசித்தேன். சாப்பிடுவதும் இனம் பெருக்குவதும் கடைசியாக நிற்கிற விஷயங்கள். மூச்சுத் திணறுகிற பக் நாயும் தட்டைக் காலி செய்யும், வாலாட்டும். பாம்புக்கு ஆட்டவும் வழியில்லை, முகம் சுளிக்கவும் தெரியாது, கத்தத் தொண்டை இல்லை. அது சும்மா இருப்பதை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். டெசர்ட் என்று ஒரு மார்ஃப் இருந்தது. அதில் பெண் பாம்புகளுக்கு முட்டை ஒழுங்காக வராது, உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். தொழிலில் பெரும்பாலானவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள், பெரிய விவாதமெல்லாம் இல்லாமலே. அதாவது பாம்பு முட்டை போடாவிட்டால் அது குறைபாடு, தலை சுற்றினால் அது குணம். கேரமல் அல்பினோ என்கிற மார்ஃபில் முதுகெலும்பு முறுக்கிப் பிறக்கும் குட்டிகள் வேறு கதை, அதற்குள் போனால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. பரம்பரை நோய் என்றால் பொதுவாக எங்கே மறைந்திருக்கிறது என்று தேடியே அலுத்துவிடும். பார்க்க நன்றாக இருக்கிற தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டிருப்பார்கள், குட்டி பிறந்த பிறகுதான் தெரியவரும். ஸ்பைடர் அப்படி இல்லை. அந்த மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தாலே கோலம் உடம்பில் வந்துவிடும். ஸ்பைடரைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் கணக்குப்படி பாதிக் குட்டிகள் ஸ்பைடர், மீதிப் பாதியிடம் அந்த மரபணு துளியும் இல்லை. வேறு மார்ஃபுகளோடு கலந்தால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது என்பது உண்மை, ஆனால் பிறப்பைப் பதிவு செய்கிற எந்த இடத்திலும் அது தொலைந்துபோகாது. அப்படியானால் நிறுத்துவதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டாம், ஒரு சோடியைச் சேர்க்காமல் இருந்தால் போதும். பிரிட்டனில் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனைக்குத் தடை போட்டது. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிறக்கும் குட்டி துன்பப்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க முடிந்தால் அந்த இனவிருத்தி கூடாது என்று தனிப் பிரிவே இருக்கிறது. எங்களுக்கு எதிர்பார்க்கக்கூட வேண்டியதில்லை, அட்டையில் எழுதியே வைத்திருந்தோம்.

சோடி சேர்க்கும் பட்டியல் என் மேசையில்தான் தயாராகும். மூன்றாவது வருஷம் 14-ஆம் நம்பரை எழுதாமல் விட்டேன். உரிமையாளர் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன். கொள்கையை எடுத்துச் சொல்லித் தைரியமாக நின்றேன் என்று எழுத ஆசைதான், நடந்தது இதுதான். அவரே கையால் எழுதிச் சேர்த்துவிட்டார்.

அந்த சீசனில்தான் இன்னொன்று நடந்தது. ஒரு ஸ்பைடர் பெண் தலையை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பைடர்தானே என்று பத்து நாள் விட்டுவிட்டோம். வாயில் குமிழி வந்த பிறகு மருத்துவரிடம் கொண்டுபோனால், இது வேறு தொற்று, நரம்பு வரை போய்விட்டது, சாதாரணப் பாம்பாக இருந்திருந்தால் முதல் நாளே கொண்டுவந்திருப்பீர்கள் இல்லையா என்று கேட்டார். தலை ஆடுவது இயல்பு என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் வேறு எதற்காகத் தலை ஆடினாலும் கண்ணில் படாது. அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வேலையை விட்டேன். அதற்கு இது மட்டும் காரணமில்லை, சம்பளமும்தான். இப்போது பாம்பு வளர்ப்பவர்கள் யாராவது ஸ்பைடர் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சோடி மட்டும் சேர்க்காதீர்கள் என்கிறேன். அந்தப் பாம்பின் மேல் குற்றம் ஏதும் இல்லை.

போன மாதம் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குட்டிகளின் தகப்பன் என்று ஒரு படம். வெள்ளைத் துணி, இடது ஓரத்தில் அதே மடிப்பு. 14-ஆம் நம்பர். அந்தப் படத்துக்கு அன்று முக்கால் மணி நேரம் ஆனது. தலை நேராக இருக்கிறது.