எண்ணெய்க் கையும் வாட்ஸ்அப்பும்

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது கையால் செய்யும் மசாஜ், ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று வரிசையாகப் போகும். எனக்குக் கற்றுக்கொடுத்த வைத்தியர் அம்மா ஒன்பதையும் என் முதுகிலேயே செய்துகாட்டிப் பழக்கினார். கையெல்லாம் உளுந்துத் தைலமாக இருக்கும்போது அடிக்கிற ஃபோனை என்ன செய்வது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.

மதுரையில் பெண்களுக்கு மட்டும் செய்கிறேன். ஆள் நான் ஒருத்திதான். நடுவில் கையை எடுத்தால், படுத்திருப்பவர் "என்ன, முடிஞ்சிருச்சா?" என்று தலையைத் தூக்குவார். அதனால் வருகிற செய்திகளுக்கெல்லாம் ராத்திரி சாப்பிட்டபிறகு மொத்தமாகப் பதில் போடுவேன். இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் காலை பத்து மணிக்குக் கேட்டவருக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு "வணக்கம், சொல்லுங்க" என்றால் என்ன சொல்வார்? பாதிப்பேர் அதற்குள் வேறு இடம் பார்த்திருப்பார்கள்.

தள்ளிப்போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மசாஜ் என்று போர்டு வைத்தால் எந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். தெரியாத எண் என்றாலே கை கூசும். ஒருமுறை ஒரு ஆண், "யார் செய்வாங்க? வீட்டுக்கு வருவீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். யோசிக்காமல் பிளாக் செய்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அவர் மனைவி நேரில் வந்தார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாருக்காகக் கேட்டதாம். செய்வது பெண்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த முதல் கேள்வி. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்புறம் தானியங்கிப் பதில் வைத்துப் பார்த்தேன். "உங்கள் செய்திக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்." ஒரு பாட்டி குரல் பதிவு அனுப்பினார்: "ஏத்தா, நீ மெஷினா மனுஷியா?" நியாயமான கேள்வி. அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் வழி காட்டியதும் அந்தப் பாட்டிதான். இப்போது ரெண்டு பேருக்கு நடுவில் கால் மணி நேரம் விட்டு, கடலைமாவு போட்டுக் கை கழுவிக்கொண்டு, குரலிலேயே பதில் சொல்கிறேன். பெண் குரல் கேட்டதும் பலருக்குத் தயக்கம் போய்விடுகிறது. வேண்டாத ஆசாமிகள், "எங்க வலி, எத்தனை நாளா?" என்று நான் கேட்டதுமே காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை 11.40-க்கு ஒரு செய்தி. "அக்கா, கெண்டைக்கால்ல ஒரே வலி. சாயங்காலம் வரலாமா?" நான் பார்த்தது 11.55-க்கு. ரெண்டு காலுமா என்று கேட்டேன். இடது கால் மட்டும். வீக்கம்? இருக்கு, தொட்டால் சுடுது. சிசேரியன் ஆகி மூன்று வாரம். எனக்குத் திக்கென்றது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம். அதைப் போய் உருவிவிட்டால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம். உடனே கூப்பிட்டேன். "கால்ல யாரும் கை வைக்கக்கூடாதும்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன். "அத்தை எண்ணெய் காய்ச்சி இறக்கிட்டாங்களே அக்கா" என்றாள். அத்தையிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, அவரிடமும் பேசினேன். டாப்ளர் ஸ்கேனில் கட்டி இருப்பது தெரிந்து, அன்றைக்கே மருத்துவம் தொடங்கினார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, டாக்டர் சரி என்று சொன்னபிறகு வந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொடுத்துத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. தோளில் கை வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அலமாரியில் என் ஃபோன் மூன்று தடவை அதிர்ந்தது.

"எடுத்துப் பாருங்க அக்கா" என்றாள், குப்புறப் படுத்தபடியே.

"கையெல்லாம் எண்ணெய்ம்மா."

"அப்ப சீக்கிரம் முடிங்க."