அரிசோனாவில் பார்லர் லைசென்ஸ் வாங்கிய கதை

2020 கடைசியில் கணவருக்கு அரிசோனாவின் சாண்ட்லரில் வேலை கிடைத்தது. வீடு மாற்றுவதை விட எனக்குப் பெரிய கவலை என் லைசென்ஸ்தான். அமெரிக்காவில் முடி வெட்டவும் சாயம் போடவும் அரசாங்க உரிமம் வேண்டும். அதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கும். முன்பிருந்த மாநிலத்தில் 1,500 மணி நேரம் பயிற்சிப் பள்ளியில் நின்று, தேர்வெழுதி, நான்கு வருடம் வேலையும் பார்த்திருந்தேன். அரிசோனாவில் புதிதாகப் படிப்பவர்களிடம் அப்போது கேட்டது 1,600 மணி நேரம்.

"பாக்கி நூறு மணி நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டியதுதான்" என்று போனில் பேசிய ஒரு சலூன்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். நூறு மணி நேரம் என்றால் ஃபீஸ், பெட்ரோல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். நாலு வருடமாக வெட்டின கைக்கு மறுபடி சீப்பு பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம்!

அவர் சொன்னது பழைய கதை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 2019 ஏப்ரலில் கவர்னர் டக் டூசி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வேறு மாநிலத்தில் குறைந்தது ஒரு வருடம் உரிமம் வைத்திருந்து, அரிசோனாவில் குடியேறியவருக்கு இங்கேயும் உரிமம் தர வேண்டும். மணிக்கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. முடி வெட்டுபவர் மட்டுமல்ல, பெரும்பாலான தொழில்களுக்கும் இது பொருந்தும். இவ்வளவு விரிவாக இதைச் செய்த முதல் மாநிலம் அரிசோனாதான். அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே வழிக்கு வந்துவிட்டன.

இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தது ஃபீனிக்ஸில் இருக்கும் கோல்ட்வாட்டர் இன்ஸ்டிடியூட். இதற்காக முன்னின்று வாதாடியவர்களும் அவர்களே. அரசாங்கம் மக்கள் வாழ்க்கையில் முடிந்தவரை குறைவாகத் தலையிட வேண்டும் என்பதற்காகவே 1988இல் தொடங்கிய கொள்கை ஆய்வு அமைப்பு அது. பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நெருடியது. 1964இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட செனட்டர் பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அது. இவர்களே முன்னெடுத்த இன்னொரு திட்டம், அரசுப் பள்ளியை விட்டு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தைக் கணக்கில் போடுவது. என் பையன் படிப்பது அரசுப் பள்ளியில். அந்த விஷயத்தில் இன்றும் எனக்கு இவர்களோடு ஒத்துவராது. என் அப்பா முப்பது வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். அரசாங்கம் சின்னதாக இருந்தால் நல்லது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் அந்த நூறு மணி நேரம் யாரைக் காப்பாற்ற என்று யோசித்துப் பார்த்தால் எனக்கும் பதில் கிடைக்கவில்லை. 2018 வரை இங்கே தலைமுடியை வெறுமனே உலர்த்திச் சீவிவிடும் வேலைக்கே ஆயிரம் மணி நேரப் பயிற்சியும் லைசென்ஸும் கேட்டார்களாம்.

சரி, வேலைக்கு வருவோம். குடியிருப்புக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம், சட்டப்படி இந்த நாட்டில் இருக்கிறேன் என்பதற்கு எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ தரும் விசா) வாங்கிய வேலை அனுமதி அட்டை, விண்ணப்பம், கட்டணம். இதெல்லாம் ஒரே மாலையில் முடிந்தது.

தப்பு செய்தது நான்தான். பழைய லைசென்ஸை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது செல்லாது. உரிமம் நடப்பில் இருக்கிறது, என் மேல் புகாரோ நடவடிக்கையோ இல்லை என்று உரிமம் கொடுத்த மாநிலமே நேரடியாகச் சரிபார்ப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், தனிப் படிவம். அந்த அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பெயர் ஒரு இடத்தில் பழையபடியே இருந்ததால் முதல் படிவம் திரும்பி வந்தது. கல்யாணச் சான்றிதழ் நகலோடு மறுபடி அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர ஏழு வாரம். அரிசோனாவின் சட்டம் அரிசோனாவின் கதவைத்தான் திறக்கும். பழைய மாநிலத்துக் குமாஸ்தாவின் மேஜையை அது என்ன செய்ய முடியும்?

கடிதம் வந்த பிறகு மளமளவென்று நடந்தது. மார்ச் கடைசியில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அந்தச் சலூன்காரரிடமே போய்க் காட்டினேன். "அப்படியா, மாத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை வர முடியுமா என்றார்.

இதே வழியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்படி வாங்கும் உரிமம் அரிசோனாவுக்குள் மட்டும்தான் செல்லும். கணவர் இப்போதே வேறு மாநில வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் பழைய மாநில உரிமத்தை நான் இன்னும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கும் ஒரு கட்டணம்.